செவிலியர் பணியும் சான்றும்: சென்னை செய்த ஒரு சோதனை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் சிறு பிள்ளையும் எண்ணிச் சொல்லிவிடும். நான்காவதாக அவர் ஒருவரைச் சேர்க்கிறார். நோயாளியின் அருகே சென்று, மருந்தைக் காலந்தவறாமல் கொடுத்து, உடனிருந்து பேணுகின்றவரே அந்த நான்காமவர். இன்று நாம் அவரைச் செவிலியர் என்கிறோம்.

இந்த நான்கனுள் மருந்தைச் சோதிக்கும் வழக்கம் உலகில் வேரூன்றிவிட்டது. மருத்துவரின் திறமையையும் தேர்வு வைத்து அளக்கின்றோம். ஆனால் பேணுதல் என்னும் நான்காவது கூற்றை அளந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் எளிதில் எவருக்கும் தோன்றுவதில்லை. அன்பினால் செய்யப்படுவதை அளக்கலாமா என்று நாம் தயங்குகிறோம். தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒன்று நன்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ‘சான்றுவழிச் செவிலியம்’ என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படும் துறை இத்தயக்கத்தை நீக்க எழுந்ததாகும். செவிலியர் செய்யும் ஒவ்வொரு செயலும் நோயாளிக்கு உண்மையாகவே பயன் தருகிறதா என்பதை ஆராய்ந்தறிந்து, அவ்வாறு அறிந்ததையே மருத்துவமனையில் வழக்கமாக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இப்பெயர் அண்மைக் காலத்தது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில்தான் அது பரவலாயிற்று. ஆனால் அக்கருத்தின் பெரிய சோதனைகளுள் ஒன்று நம் சென்னை நகரிலே, 1956-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் சடையங்குப்பத்தில் வாழ்கின்றவன். சென்னை மாநகரின் வட கோடியில், மணலியை அடுத்துள்ள சிற்றூர் அது. 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஒருபுறம் கால்வாயும் கழியும், மறுபுறம் ஆலைகளும் சூழ்ந்த இவ்வட்டாரத்தின் வாழ்க்கை, கூலியையும் வலையையும் நம்பி நடப்பது. எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலையும் தோன்றின. அவற்றைச் சுற்றி வேலை தேடி வந்தோர் ஓர் அறைக்குள் ஆறேழு பேராக ஒண்டி வாழ்ந்தனர். காற்றோட்டமில்லாத அறை, போதாத உணவு, ஓயாத உழைப்பு ஆகிய மூன்றும் சேருமிடத்தில் காசநோய் தானே வந்து குடியேறும். ஆகவே இவ்வரலாற்றை நான் ஏட்டில் படித்தபோது, எங்கள் பக்கத்து வீட்டுக் கதையைப் படிப்பது போலவே எனக்குத் தோன்றிற்று.

அக்காலத்து நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1882-இல் ஜெர்மனி நாட்டு ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி தெரிந்தும், அதைக் கொல்லும் மருந்து அடுத்த அறுபது ஆண்டுகள் வரையில் கிடைக்கவில்லை. மருந்தில்லாத அந்நாளில் நோயாளிக்கு அளிக்கக்கூடியது பேணுதல் ஒன்றே. ஐரோப்பாவில் மலைச்சாரல்களில் ‘சானடோரியம்’ என்னும் நலவாழ்வு இல்லங்கள் எழுந்தன. தூய காற்று, முழு ஓய்வு, நிறைந்த உணவு, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவையே அங்கு மருந்து. நம் நாட்டிலும் அம்முறை வந்தது. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் நிறுவிய இல்லம், 1937-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது.

சானடோரியத்தில் செவிலியரின் பணி மிகப் பெரிது. காலையும் மாலையும் உடல் வெப்பத்தைக் குறித்தல், நோயாளி படுக்கையை விட்டு எழாதபடி பார்த்துக் கொள்ளுதல், சளிக் கிண்ணத்தைத் தூய்மை செய்தல், பாலும் முட்டையும் அளந்து கொடுத்தல், எத்தனை அடி நடக்கலாம் என்பதைக் கூட வரையறுத்தல் ஆகிய இவையெல்லாம் அவர்தம் கடமைகள். அவற்றைச் செய்தோர் தமக்கும் நோய் தொற்றக்கூடும் என்பதை அறிந்தே செய்தனர். அத்தொண்டை நாம் தலைவணங்கிப் போற்ற வேண்டும். ஆனால் அம்முறையுள் எது உண்மையில் நோயைத் தீர்த்தது என்னும் கேள்வியை மட்டும் எவரும் முறையாகக் கேட்கவில்லை.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தும், பி.ஏ.எஸ். என்னும் மருந்தும் வந்தன. 1952-இல் ஐசோநயாசிட் வந்தது. இது மலிவானது, வாய்வழியே உட்கொள்ளத் தக்கது. இப்போது மருந்து கிடைத்துவிட்டது. எனினும் மருத்துவ உலகின் பழைய நம்பிக்கை மாறவில்லை. மருந்தோடு ஓராண்டுக் காலம் படுக்கையும் ஓய்வும் நல்லுணவும் செவிலியர் பேணலும் சேர்ந்தால்தான் நோய் தீரும் என்றே பெரும்பாலோர் கருதினர்.

இந்தியாவில் அக்கருத்து ஒரு பெரும் இடருக்குக் காரணமாயிற்று. நாட்டில் நோயாளர் இலட்சக்கணக்கானோர். சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கை இல்லாதவனுக்கு மருத்துவம் இல்லை என்றால், பெரும்பாலோர் சாவை எதிர்நோக்கி வீட்டில் காத்திருக்க வேண்டியதுதான். படுக்கை கிடைத்தவனுக்கும் துன்பம் தீர்ந்துவிடாது. நகரின் வட கோடியில் மூட்டை சுமந்து பிழைக்கும் ஒருவன் தென் கோடியிலுள்ள தாம்பரத்தில் ஓராண்டு படுத்திருந்தால், அவன் மனைவி மக்கள் எதை உண்பர்? சானடோரியம் அவன் நுரையீரலைக் காப்பாற்றுவதற்குள் அவன் குடும்பம் அழிந்துவிடக்கூடும்.

ஆகவே ஒரு கேள்வி எழுந்தது. அதே மருந்துகளை நோயாளிக்குக் கொடுத்து, அவனை அவன் வீட்டிலேயே வாழவிட்டால் என்ன? குறுகிய குடிசையில், போதாத உணவுடன், பலர் நெருங்கி வாழும் இடத்தில் மருந்து வேலை செய்யுமா? அவனுடைய குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா? இவற்றுக்கு விடை கூறப் பெரிய மருத்துவர்களின் கருத்து மட்டும் போதாது, சோதனை வேண்டும்.

அச்சோதனைக்காகவே 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ‘காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்’ நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், சென்னை அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அதில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் முன்னின்று நடத்தினார். தேவதத்தா, சி. வி. ராமகிருஷ்ணன், புள்ளியியல் அறிஞர் ராதாகிருஷ்ணா முதலியோர் உடன் உழைத்தனர்.

சோதனையின் முறையை மாணவர்களாகிய நீங்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். சென்னை நகரத்து ஏழை நோயாளர் 193 பேரை அவர்கள் எடுத்துக் கொண்டனர். இவரை வீட்டில் வைப்போம், அவரைச் சானடோரியத்துக்கு அனுப்புவோம் என்று மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால், நோய் முற்றியவரை ஒருபுறமும் இலேசானவரை மறுபுறமும் அறியாமலேயே சேர்த்துவிட இடமுண்டு. ஆகையால் திருவுளச் சீட்டுப் போட்டாற்போல, எவருடைய விருப்பும் வெறுப்பும் கலவாத வண்ணம் இரு பிரிவாக்கினர். ஒரு சாரார் வீட்டில் இருந்தனர். மறு சாரார் சானடோரியத்தில் இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். ஆகிய அதே மருந்துகள், அதே ஓராண்டுக் காலம். வேறுபட்டவை படுக்கை, ஓய்வு, உணவு, பேணுதல் ஆகியவையே. அஃதாவது, மருந்தைச் சமமாக வைத்துவிட்டுப் பேணுதலின் பயனை நேருக்கு நேர் அளந்தனர்.

வீட்டுப் பிரிவில் இருந்தோர் மருந்தை உண்மையில் உட்கொள்கின்றனரா என்பதை எவ்வாறு அறிவது? பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. உடம்பு சற்றுத் தேறியதும் அதை நிறுத்திவிட வேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழும். இங்குதான் வீடு தேடிச் செல்லும் ஊழியரின் பணி முதன்மை பெற்றது. அவர்கள் முன்னறிவிப்பின்றிச் சந்துகளுக்குள் சென்றனர். மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்தின் அடையாளம் உண்டா என்று பார்த்தனர். சளியை எடுத்து ஆய்வுக்கூடம் அனுப்பினர். குடும்பத்தாரையும் கருத்தாகக் கவனித்து வந்தனர். எண்ணியதை உள்ளபடியே எழுதினர். நோயாளி மருந்தை உட்கொள்ளவில்லை என்றால், ‘உட்கொள்ளவில்லை’ என்றே பதிந்தனர். அறிவியல் என்பது பெரிய கருவிகளில் மட்டும் இருப்பதன்று. ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாத்திரையை எண்ணி, கூட்டாமலும் குறைக்காமலும் குறித்துக் கொள்ளும் நேர்மையிலும் அது இருக்கிறது.

1959-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வெளியீட்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோருள் 100-க்கு 92 பேரிடத்தும், வீட்டில் இருந்தோருள் 100-க்கு 86 பேரிடத்தும் நோய்க்கிருமி அடங்கியிருந்தது. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகச் சிறிது. அந்த அறிக்கை சானடோரியத்துக்குரிய சிறப்புக்களை மறைக்கவில்லை. ஓய்வு, போதிய உணவு, செவிலியர் பேணல், கண்முன் மருந்து கொடுத்தல் ஆகிய நன்மைகள் அங்கு வெளிப்படையாக இருந்தன என்று கூறிவிட்டு, அவை இருந்தும் வீட்டுச் சிகிச்சையின் பயன் அதனை ஒட்டியே நிற்கிறது என்று காட்டிற்று. தக்க சேவை அமைப்பு இருக்குமானால் பெரும்பாலோரை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்பது அதன் முடிவு. ஐந்தாண்டு வரையில் அதே நோயாளரைத் தொடர்ந்து கண்காணித்தபோதும், இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு தோன்றவில்லை.

குழந்தைகளுக்குத் தொற்றும் என்ற அச்சம் என்னவாயிற்று? அதையும் ஆராய்ந்தனர். நோயாளியைப் பிரித்து வைத்த குடும்பங்களைக் காட்டிலும், அவர் வீட்டிலேயே இருந்து மருந்துண்ட குடும்பங்களில் நோய் மிகுதியாகப் பரவவில்லை. தொற்று பெரிதும் நிகழ்ந்தது, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன், மருந்து தொடங்காதிருந்த காலத்திலே என்று விளங்கிற்று. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி, அவரையும் ஒதுக்கி வைத்த பழைய வழக்கத்துக்கு இதனால் பெரும் அடி விழுந்தது.

மாணவர்களே, இவ்விடத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். பேணுதலின்றியே நோய் தீருமென்றால், செவிலியர் வேண்டாதவராகி விட்டாரோ? அவ்வாறு கருதுவது அறிக்கையைப் பாதி படித்தவர் கொள்ளும் முடிவு. ‘தக்க சேவை அமைப்பு இருக்குமானால்’ என்னும் சொற்களை மறந்துவிடலாகாது. படுக்கையைக் காத்திருந்த செவிலியர் தெருவுக்கு வந்தார். இதுவே நிகழ்ந்த மாற்றம். ஓய்வெடு என்று கட்டளையிட்டவர், மருந்தை விடாதே என்று நினைவூட்டுபவரானார். நோயாளியின் வறுமையையும், மாமியார் மருமகள் பூசலையும், வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தையும் அறிந்து, அவற்றிடையே மருந்து நின்றுவிடாமல் காப்பவரானார். பழைய திறமை வீணாகவில்லை. அது செல்ல வேண்டிய இடம் மாறிற்று. நோயாளியின் பக்கம் செல்பவர் என்று வள்ளுவர் அவரைக் குறித்ததன் பொருள் இப்போது இன்னும் விரிந்தது எனலாம்.

பல ஆண்டு பயின்ற ஒரு முறையை விடுவது எளிதன்று. தாம் அரும்பாடுபட்டுச் செய்த தொண்டு நோய் தீர்வதற்கு இன்றியமையாதது அன்று என்று எண்கள் கூறும்போது எவருடைய மனமும் சற்றே நோகும். ஆயினும் நாடு அச்சான்றை ஏற்றது. 1962-இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அல்லது வேறு பணிக்கு மாறின. வட சென்னையின் ஒரு கூலித் தொழிலாளி தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே நோயை வெல்லலாம் என்னும் நிலை அதனால் வந்தது.

இவ்வரலாறு இத்துடன் முடிந்திருந்தால், சான்று என்பது ஒருமுறை கண்டு பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் என்று நீங்கள் எண்ணிவிடலாம். உண்மை வேறு. அதே சேத்துப்பட்டு மையம் தன் முடிவுகளையே மீண்டும் மீண்டும் உரைத்துப் பார்த்தது. இரண்டு எடுத்துக்காட்டுக்கள் சொல்கிறேன்.

முதலாவது, மருந்து கொடுக்கும் முறை. நாள்தோறும் மருந்துண்பதை மறந்துவிடுகிறார்களே என்று, வாரத்துக்கு இருமுறை செவிலியர் கண்முன்னே கொடுக்கும் முறையை அம்மையம் 1960-களில் சோதித்தது. அது பயன் தந்தது. கண்முன் மருந்து கொடுத்தல் என்னும் கருத்து அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் 1997-இல் தொடங்கிய திருத்திய திட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் மருந்து என்பதே முறை. ஆனால் பிற்காலத்து ஆராய்ச்சிகள் நாள்தோறும் கொடுப்பதே சிறந்தது என்று காட்டின. 2017-இல் நாடு முழுவதும் நாள்முறைக்கு மாறிற்று. தான் வளர்த்த முறையையே சான்று வந்தபோது விட்டுக்கொடுப்பது அறிவுடைமை.

இரண்டாவது, உணவு. 1961-இல் வெளிவந்த சென்னை ஆய்வு, சானடோரியத்தின் செழிப்பான உணவு நோயாளியின் எடையைக் கூட்டிற்றே ஒழிய, மருந்துண்பவரிடம் கிருமி அடங்குவதற்கு அது இன்றியமையாதது அன்று என்று காட்டிற்று. இதைக் கேட்ட சிலர் உணவே பொருட்டன்று என்று கருதிவிட்டனர். அவ்வாய்வு கேட்ட கேள்வி அதுவன்று. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், 2,800 நோயாளரின் வீடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உறவினர்கள் இடம் பெற்றனர். நோயாளர் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் சேர்த்து வழங்கப்பட்டன. குடும்பத்தாருக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 100-க்கு 39 பங்கு குறைந்தது என்று 2023-இல் அறிவித்தனர். நோயாளரின் எடை தொடக்கத்திலேயே கூடினால் இறப்பும் குறைகிறது என்றும் கண்டனர். இந்த ஆய்வில் பங்கு கொண்டது யார் தெரியுமா? 1956-இல் சேத்துப்பட்டில் தோன்றிய அதே மையந்தான். அது இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகிறது. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதைப் பிரித்தறியாமல் ஒரு முடிவை வேறிடத்தில் ஒட்டவைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

நம் தமிழ்நாட்டில் 2022-இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கிற்று. நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் உடனே சில எளிய அளவைகளால் பார்க்கின்றனர். உயரத்துக்கேற்ற எடை உண்டா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, குருதியில் உயிர்வளி போதுமா, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவையே அவை. நிலை கவலைக்கிடமாக இருப்பவரைத் தேர்ந்து மருத்துவமனையில் சேர்க்கின்றனர். எல்லோருக்கும் படுக்கை வேண்டும் என்றது பழைய காலம். பெரும்பாலோருக்கு வேண்டாம் என்று 1959 காட்டிற்று. யாருக்குக் கட்டாயம் வேண்டும் என்பதை இன்று அளந்து அறிகின்றோம். இவ்வளவைகளுக்கு எடைப்பொறியும், கடிகாரமும், விரலில் மாட்டும் ஒரு சிறு கருவியும், பழகிய கண்ணும் போதும். ஆனால் ஒரு நோயாளியையும் விடாமல், ஓர் எண்ணையும் கற்பனையாக எழுதாமல் செய்தால்தான் அவை உயிர் காக்கும்.

இந்த வழியில் உலகுக்கு முன்னோடியாக நின்றவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில், போர்க்காயத்தால் இறந்த வீரரைவிட நோயால் இறந்தோரே மிகுதி என்பதை அவர் கணக்கெடுத்துப் படம் வரைந்து காட்டினார். விளக்கேந்திய நங்கை என்றே நாம் அவரைப் போற்றுகிறோம். இரவில் விளக்கும், பகலில் கணக்கேடும் ஏந்தியவர் அவர். கணக்கேட்டை நாம் மறந்துவிட்டோம்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை செவிலியர் ஆவீர்கள். சிலர் மருத்துவர் ஆவீர்கள். எஞ்சியோர் என்றேனும் நோயாளராகவோ அவருடைய உறவினராகவோ மருத்துவமனை வாயிலை மிதிப்பீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்வேன். ஒரு வழக்கத்தைக் கண்டால், இது எதனால் செய்யப்படுகிறது, இதனால் நன்மை உண்டென்று எவர் எவ்வாறு கண்டார் என்று பணிவோடு கேளுங்கள். ஆராய்ச்சியின் முடிவும், செவிலியரின் அனுபவமும், நோயாளியின் விருப்பமும் அவர் வாழும் நிலையும் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து முடிவு செய்வதே சான்றுவழி. மூன்றனுள் கடைசியானது நம் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். 1956-இல் சென்னையில் எழுந்த கேள்வியோ அக்கடைசியானதிலிருந்தே பிறந்தது. ஓர் ஏழை தன் குடும்பத்தை விட்டு ஓராண்டு பிரிந்திருக்க முடியாது என்பதே அக்கேள்வியின் வேர். அதைப் பொருட்படுத்திய அறிவியல், அவனைக் குணப்படுத்தியதோடு நில்லாமல், உலகத்துக்கே வழி காட்டிற்று.

எங்கள் வட்டாரத்தில் காசநோய் இன்னும் ஒழியவில்லை. வீடு தேடி வரும் செவிலியரின் காலடியும் ஓயவில்லை. அவர் கையிலுள்ள மாத்திரை அட்டைக்குப் பின்னால் இத்தனை ஆண்டு உழைப்பும், இத்தனை பேரின் நேர்மையான எண்ணிக்கையும் இருக்கின்றன என்பதை நாம் அறிந்திருந்தால், அவரை வாசலிலே நிறுத்தாமல் உள்ளே அழைத்து அமரச் சொல்வோம்.